ஒரே படகு, ஒரே காய்ச்சல், ஒரே மாத்திரை: ஒரு மீனவக் குடும்பத்தின் நிகழ்வு ஆய்வு

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில், தூத்தூரை ஒட்டிய ஊர் ஒன்றில் வாழும் குடும்பம் இது. அவர்களின் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர், ஊர், அடையாளம் காட்டக்கூடிய மற்ற விவரங்கள் எல்லாவற்றையும் நீக்கியிருக்கிறேன். மனிதரின் உடலையும் குணத்தையும் தீர்மானிப்பது பரம்பரையா, சூழலா என்ற விவாதம் ஒன்றரை நூற்றாண்டாக நடக்கிறது. அந்த விவாதத்தில் கேள்வியே எங்கே பிசகுகிறது என்பதை இந்த மூன்று சகோதரர்களைவிடத் தெளிவாகக் காட்டும் குடும்பத்தை நான் மருத்துவத் தொழிலில் கண்டதில்லை.

நோயாளிக்கு வயது முப்பத்து நான்கு. மூன்று ஆண் மக்களில் நடுவானவர். ஒரு தங்கை உண்டு. சூரையும் சுறாவும் பிடிக்கும் ஆழ்கடல் தூண்டில் படகில் வேலை. இந்தப் பகுதிக்காரர்களுக்கு வாசலிலேயே கடல் கிடந்தாலும் தொழில் என்னவோ கொச்சி, மங்களூரு, கோவா, குஜராத் என்று வெளித் துறைமுகங்களை நம்பித்தான் நடக்கிறது. மேற்குக் கரையில் ஜூன், ஜூலை மாதங்களின் மீன்பிடித் தடைக்காலம் முடிந்ததும் மூத்த அண்ணனும் இவருமாக ஒரே படகில் போனார்கள். மங்களூருவில் இயந்திரம் பழுதாகி, படகு இரண்டு வாரத்துக்கு மேல் துறைமுகத்தில் கிடந்தது. மழைக்காலம்; கொசுக்கடி. ராத்திரிப் படுக்கை படகின் மேல்தளத்திலேயே. மங்களூரு நெடுங்காலமாக மலேரியாவுக்குப் பேர்போன ஊர்.

ஊர் திரும்பிய சில நாட்களில் இருவருக்கும் குளிர்காய்ச்சல். ரத்தப் பூச்சுப் பரிசோதனையில் இருவருக்கும் விவாக்ஸ் வகை மலேரியா என்று வந்தது. முறைப்படி மூன்று நாள் குளோரோகுயின், அதோடு பதினான்கு நாளைக்குப் பிரிமாகுயின், தினம் 15 மில்லிகிராம். ரத்தத்தில் இருக்கும் கிருமியைக் குளோரோகுயின் கொன்றுவிடும். ஆனால் விவாக்ஸ் கிருமி கல்லீரலுக்குள் உறங்கிக் கிடந்து, மாதங்கள் கழித்து மறுபடி எழும்பும் இயல்புடையது. அந்த உறங்கும் கிருமிக்குத்தான் பிரிமாகுயின். ஆகவே மருந்துச்சீட்டில் பிழை என்று எதுவும் இல்லை. நம் நாட்டின் மலேரியா சிகிச்சை நெறிமுறையிலும் அதுவே இருக்கிறது. கூடவே, சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதியில் குறைபாடு உள்ளவர்களுக்கு இதைக் கொடுக்கக் கூடாது என்ற எச்சரிக்கையும் இருக்கிறது. அந்த எச்சரிக்கைக்கு உரிய பரிசோதனையைத்தான் யாரும் செய்திருக்கவில்லை.

மூன்றாம் நாள் நடுவானவருக்குக் காய்ச்சல் விட்டது. ஆனால் இடுப்பு வலித்தது. சிறுநீர் கட்டன் சாயா நிறத்தில் போனது. கண் மஞ்சளித்தது. மஞ்சப்பித்தம் என்று வீட்டில் முடிவு கட்டி, கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தார்கள், பிரிமாகுயினையும் நிறுத்தவில்லை. ஐந்தாம் நாள் என்னிடம் கொண்டுவந்தபோது படி ஏற முடியாமல் மூச்சு வாங்கியது. ஹீமோகுளோபின் ஏழுக்குக் கீழே இருந்தது. நுண்ணோக்கியில் பார்த்தால், விளிம்பில் கடித்து எடுத்தது போலக் குறைபட்ட சிவப்பணுக்கள். சிவப்பணுக்கள் ரத்தக்குழாய்க்குள்ளேயே உடைந்துகொண்டிருந்தன. அவற்றிலிருந்து கொட்டிய ஹீமோகுளோபின்தான் சிறுநீரில் கருத்து இறங்கியது.

பிரிமாகுயினை உடனே நிறுத்தினோம். நரம்பு வழியாகத் திரவம் ஏற்றினோம். ரத்தமும் கொடுக்க வேண்டியிருந்தது. சிறுநீரகம் தப்பித்தது. பத்து நாளில் எழுந்து நடந்தார்.

அண்ணனுக்கோ ஒன்றுமே ஆகவில்லை. பதினான்கு நாள் மாத்திரையையும் முடித்துவிட்டு அடுத்த நடைக்குப் படகேறப் போய்விட்டார்.

இந்த இடத்தில்தான் வீட்டில் சண்டை தொடங்கியது. மருத்துவமனை வராந்தாவில் அதை முழுதாகக் கேட்டேன். மாத்திரைதான் தன் கணவரைக் கொல்லப் பார்த்தது என்றார் மனைவி. நானும் அதே மாத்திரையைத்தான் விழுங்கினேன், எனக்கென்ன ஆயிற்று என்றார் அண்ணன். தாயார் குரலைத் தாழ்த்தி என்னிடம் ஒன்று சொன்னார்: "டாக்டர், என் கூடப்பிறந்த தம்பிக்கும் இப்படி வந்தது. குஜராத்தில் வெராவலில் இருந்து காய்ச்சலோடு வந்தான். மாத்திரை தின்றான். மூத்திரம் கறுத்துப் போயிற்று." அவர் தாழ்த்திச் சொல்லியும் மருமகளின் தாயார் காதில் அது விழுந்துவிட்டது. அப்படியானால் இது உங்கள் வீட்டு ரத்தத்தில் உள்ள கோளாறு, கல்யாணத்துக்கு முன்னால் ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்டார்.

ஒவ்வொருவர் கையிலும் ஒரு சான்று இருந்தது. யாரும் பொய் சொல்லவில்லை. படித்தவர்கள் அரங்குகளில் பேசும் பரம்பரை, சூழல் விவாதமும் இதே அமைப்பில்தான் நடக்கிறது. ஒரு சான்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை மறுப்பது. "நூலைப் போல சேலை, தாயைப் போல பிள்ளை" என்று ஒரு பழமொழியை வைத்திருக்கிறோம். "பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும்" என்று இன்னொன்றையும் வைத்திருக்கிறோம். வேளைக்குத் தக்கபடி எடுத்துப் பேசுகிறோம்.

பரிசோதனைகள்

ஜி6பிடி என்பது சிவப்பணுவுக்குள் வேலை செய்யும் ஒரு நொதி. மருந்தாலோ நோயாலோ ஆக்சிஜனேற்றத் தாக்குதல் வரும்போது ஹீமோகுளோபின் சிதையாமல் காப்பதற்கு வேண்டிய வேதிப்பொருளை அது தயாரித்துக் கொடுக்கிறது. உடம்பின் மற்ற அணுக்களுக்கு அந்தப் பொருளைத் தயாரிக்க வேறு வழிகளும் உண்டு. சிவப்பணுவுக்கு இந்த ஒரே வழிதான். நொதி குறைந்தவர் சாதாரண நாளில் எந்தக் குறையும் இல்லாமல் வலை இழுப்பார், ஓடுவார், நீந்துவார். பிரிமாகுயின், தொழுநோய்க்குக் கொடுக்கும் டாப்சோன், சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கும் நைட்ரோஃபியூரன்டாயின், பெட்டித் துணிக்குள் போடும் பாச்சை உருண்டை போன்றவை உள்ளே வந்தால்தான் குட்டு வெளிப்படும்.

நோயாளியின் ரத்தத்தில் முதலில் செய்த ஜி6பிடி சோதனை இயல்பாக இருப்பதாகக் காட்டியது. அண்ணன் தான் சொன்னதே சரி என்று ஆனந்தப்பட்டார். ஆனால் ரத்தம் உடைந்துகொண்டிருக்கும் நேரத்தில் எடுக்கும் இந்தச் சோதனை ஏமாற்றக்கூடியது. சிவப்பணு வயதாக ஆக அதிலுள்ள நொதி குறைந்துகொண்டே போகும். குறைபாடு உள்ளவரிடம் கிழட்டு அணுக்கள்தாம் முதலில் உடைகின்றன. மிஞ்சியிருப்பவை இளையவை, எலும்பு மஜ்ஜை அவசர அவசரமாக அனுப்பிவைத்த புது அணுக்களும் அவற்றோடு சேர்ந்துகொள்கின்றன. இவற்றில் நொதி ஓரளவு இருப்பதால் சோதனை இயல்பாகத் தெரியும். ஏற்றிய ரத்தமும் கணக்கைக் குழப்பும். மூன்று மாதம் கழித்து மறுபடி வரச் சொன்னேன். அப்போது குறைபாடு ஐயமறத் தெரிந்தது. முதல் தாளை வைத்துக்கொண்டு கோப்பை மூடியிருந்தால் அவர் அடுத்த மலேரியாவுக்கும் அதே மாத்திரையை விழுங்கியிருப்பார்.

குடும்பம் முழுவதையும் சோதித்தோம். அண்ணன் இயல்பானவர். கடைசித் தம்பி ஊரிலேயே ஆட்டோ ஓட்டுகிறவர். கடலுக்குப் போனதில்லை, மலேரியா வந்ததில்லை, பிரிமாகுயினைக் கண்ணால் பார்த்ததில்லை. அவருக்கும் நடுவானவருக்கு இருக்கும் அதே குறைபாடு இருந்தது. வாழ்நாளில் ஒருமுறைகூட அதன் அறிகுறி தெரிந்ததில்லை. வெராவலில் இருந்து வந்த தாய்மாமனுக்கும் குறைபாடு உறுதியானது.

அடுத்தது தங்கையின் மகன். ஏழு வயதுப் பையன். அவன் பிறந்த மூன்றாம் நாள் கடுமையான மஞ்சள் பிடித்து, நீல விளக்கின் கீழ் வைத்தும் இறங்காமல், ரத்தம் மாற்றிப் பிழைக்கவைத்ததாகச் சொன்னார்கள். பிள்ளைக்குச் சுற்றிய துணி எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். பாட்டியின் பழைய புடவையைக் கிழித்துப் பயன்படுத்தியதாகவும், அது தகரப் பெட்டியில் பாச்சை உருண்டையோடு கிடந்ததாகவும் அம்மா நினைவுகூர்ந்தார். வெயிலில் காயப்போட்டீர்களா, துவைத்தீர்களா என்றதற்கு, மழைக்காலம் என்பதால் அப்படியே எடுத்துச் சுற்றினோம் என்றார். ஜி6பிடி குறைபாடுள்ள பச்சிளங்குழந்தைக்கு பாச்சை உருண்டையின் நாப்தலீன் ஆவியே போதும். அந்தப் பெட்டிதான் காரணம் என்று இத்தனை ஆண்டு கழித்து என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் பையனுக்குக் குறைபாடு இருப்பது இப்போது சோதனையில் தெரிந்துவிட்டது.

மரபுவழியை வரைந்தால் இப்படி வரும். இந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான். அது தாயிடமிருந்து மட்டுமே வரும். பெண்ணுக்கு இரண்டு; ஒன்று குறையுள்ளதாக இருந்தாலும் மற்றது பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். எனவே குறை பாட்டியிடமிருந்து தாய்மாமனுக்கும் தாய்க்கும் வந்து, தாயிடமிருந்து மூன்று ஆண் மக்களில் இருவருக்கும் மகளுக்கும் போய், மகளிடமிருந்து பேரனுக்குப் போயிருக்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதி வாய்ப்பு. அண்ணனுக்குக் காசு மறுபக்கம் விழுந்தது. இந்தக் குடும்பத்தில் உறவுக்குள் திருமணம் நடக்கவில்லை. நடந்திருந்தால், குறையுள்ள ஆணும் மரபணுவைச் சுமக்கும் பெண்ணும் சேர்ந்து, பெண் பிள்ளைகளுக்கும் முழுக் குறைபாடு வந்திருக்கக்கூடும்.

யார் பக்கம் நியாயம்

மூன்று சகோதரர்களையும் அருகருகே நிறுத்திப் பாருங்கள். அண்ணனிடம் மாத்திரை சேர்ந்தது, மரபணு இல்லை, நோய் இல்லை. கடைசித் தம்பியிடம் மரபணு இருக்கிறது, மாத்திரை சேரவில்லை, நோய் இல்லை. நடுவானவரிடம் இரண்டும் சேர்ந்தன. நோயில் மரபணுவின் பங்கு எவ்வளவு, மாத்திரையின் பங்கு எவ்வளவு என்று அவரிடம் பிரித்துக் காட்டச் சொன்னால் முடியாது. பாதிப் பாதி என்பதுகூடத் தவறு. ஒன்றை எடுத்துவிட்டால் பாதி நோய் மிஞ்சியிருக்க வேண்டுமே, மிஞ்சுவதோ ஒன்றுமில்லை.

இந்தப் பிரித்துப் பார்க்கும் ஆசைக்கு வித்திட்டவர்களில் முக்கியமானவர் இங்கிலாந்து அறிஞர் பிரான்சிஸ் கால்டன். 1869இல் மேதைமை குடும்பவழி வருவது என்று வாதிட்டு நூல் எழுதினார். இயல்பு, வளர்ப்பு என்ற எதிரிணையை 1874இல் பரவலாக்கினார்; மறு ஆண்டு இரட்டையர்களை வைத்து இரண்டின் வலிமையையும் ஒப்பிட முயன்றார். அங்கே தொடங்கிய கணக்கு இன்றைக்கு "மரபுப் பங்கு இத்தனை சதவீதம்" என்ற வடிவில் செய்தித்தாள் வரை வந்திருக்கிறது. அந்தச் சதவீதத்தின் பொருள் என்னவென்று படிப்பவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. இந்தக் குடும்பத்தை வைத்துச் சொல்லிப் பார்க்கிறேன்.

ஒரு படகில் இருபது பேர். எல்லோருக்கும் பிரிமாகுயின் கொடுக்கிறோம். சிலருக்கு ரத்தம் உடைகிறது, சிலருக்கு இல்லை. மாத்திரை எல்லோருக்கும் பொது என்பதால் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டுக்குக் காரணம் முழுக்க மரபணு. மரபுப் பங்கு நூறு சதவீதம் என்று ஆய்வாளர் எழுதுவார். இன்னொரு படகில் இருபது பேருக்கும் குறைபாடு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாதிப் பேருக்கு மட்டும் மாத்திரை கொடுக்கிறோம். இப்போது வேறுபாட்டுக்குக் காரணம் முழுக்க மாத்திரை. மரபுப் பங்கு பூஜ்யம். அதே மரபணு, அதே மருந்து, அதே நோய். விடை மட்டும் தலைகீழ். சதவீதம் அந்தப் படகைப் பற்றிச் சொன்னதே தவிர நோயைப் பற்றிச் சொல்லவில்லை. தனி ஒருவரைப் பற்றி அது எதையும் சொல்லாது.

மரபுப் பங்கு மிகுதி என்றால் மாற்ற முடியாதது என்று நினைப்பது இதைவிடப் பெரிய தவறு. வயிறார உண்ணும் சமூகங்களில் உயரத்தின் மரபுப் பங்கு சுமார் 80 சதவீதம் என்று கணக்கிடுகிறார்கள். அப்படியிருந்தும் தென்கொரியாவில் 1996இல் பிறந்த பெண்கள், அங்கே நூறு ஆண்டுகளுக்கு முன் பிறந்த பெண்களைவிடச் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயரமாக வளர்ந்தார்கள். நூறு ஆண்டில் மரபணு அப்படி மாறாது. சோறும் சுகாதாரமும் மாறின. ஃபீனைல்கீட்டோன்யூரியா என்ற பிறவிக் கோளாறு, ஒற்றை மரபணுப் பிழையால் அறிவுவளர்ச்சியைக் கெடுப்பது. 1934இல் நார்வே மருத்துவர் ஃபோலிங் அதை அடையாளம் கண்டார். 1950களில் உணவில் ஃபீனைல்அலனின் என்ற புரதக்கூறைக் குறைத்தே அந்தக் கேட்டைத் தடுக்கலாம் என்று தெரிந்தது. இப்போது பிறந்தவுடன் கண்டுபிடித்துத் தொடங்கினால் பிள்ளை இயல்பாகப் படிக்கிறது. முழுக்க முழுக்கப் பரம்பரை நோய். தீர்வு சாப்பாட்டுத் தட்டில்.

ஜி6பிடியின் கதையிலேயே இதற்கு ஓர் அழகான சோதனை இருக்கிறது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலச் சிறையொன்றில் கைதிகளுக்கு மலேரியா மருந்துகளைக் கொடுத்துச் சோதித்தார்கள். கைதியின் சம்மதம் எவ்வளவு சுதந்திரமானது என்பது என்னை உறுத்தும் கேள்வி; அங்கே கிடைத்த அறிவால்தான் என் நோயாளி பிழைத்தார் என்பது அந்த உறுத்தலைக் குறைக்கவில்லை. அங்கே பிரிமாகுயின் சிலருக்கு மட்டும் ரத்தத்தை உடைத்தது. அப்படிப்பட்டவரின் சிவப்பணுக்களைக் கதிரியக்கக் குரோமியத்தால் அடையாளமிட்டு, மருந்து ஒத்துக்கொள்ளும் ஒருவரின் உடம்பில் ஏற்றினார்கள். பிறகு மருந்து கொடுத்தார்கள். ஏற்றிய அணுக்கள் மட்டும் உடைந்தன. மாற்றியும் செய்தார்கள்: இயல்பான அணுக்கள் குறைபாடுள்ளவரின் உடம்பில் பத்திரமாக இருந்தன. அந்த முடிவு 1954இல் வெளியானது. குறை அந்த நொதியில் என்று 1956இல் தெரிந்தது. இரண்டு பேரின் அணுக்களும் ஒரே உடம்பின் ரத்தத்தில், ஒரே மருந்தில் மிதந்தன. சூழல் என்பது எல்லோருக்கும் பொதுவாக வெளியே காத்திருக்கும் ஒன்று என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். ஒரே மருந்து ஓர் அணுவுக்கு நஞ்சு, பக்கத்து அணுவுக்கு ஒன்றுமில்லை.

இந்த மரபணு ஏன் இங்கே இருக்கிறது என்று கேட்டால் விவாதம் இன்னும் சுவையாகும். உலகில் 40 கோடிக்கு மேற்பட்டோருக்கு இந்தக் குறைபாடு இருப்பதாகக் கணிக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் மலேரியா நெடுங்காலம் ஆண்ட நிலப்பகுதிகளில் இருந்து வந்தவர்கள். ரத்தக் கோளாறு மரபணுக்கள் மலேரியாவுக்கு எதிரான காப்பாக நிலைத்திருக்கலாம் என்று தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகையை முன்வைத்து 1949இல் மரபியலாளர் ஜே. பி. எஸ். ஹால்டேன் சொன்னார். 1957இல் இந்தியாவுக்கே குடிபெயர்ந்து, 1964இல் புவனேஸ்வரத்தில் மறைந்த அதே ஹால்டேன்தான். ஜி6பிடிக்கும் அந்த விளக்கம் பிற்பாடு வலுப்பெற்றது. அப்படியானால் நாம் பரம்பரை என்று அழைப்பது, முன்னோர் வாழ்ந்த கொசுவும் காய்ச்சலும் நிறைந்த சூழல் பல நூறு தலைமுறைகளாகச் சலித்து எடுத்துத் தந்தது. சூழலால் தங்கிய மரபணு. இன்னொரு சூழலான மருந்தால் வெளிப்பட்டது. எந்த இடத்தில் கோடு கிழிப்பது?

ரத்தத்தைப் பேசும் வழக்கம் நோயோடு நிற்பதில்லை. படிப்பு அவர்கள் ரத்தத்தில் கிடையாது, வணிகம் இவர்கள் ரத்தத்தில் ஊறியது என்று இந்த மாவட்டத்தில் இன்றைக்கும் சாதாரணமாகச் சொல்கிறார்கள். எனக்குக் கோபம் வரும் பேச்சு இது. 1859இல் திருவிதாங்கூர் மன்னரின் அறிவிப்பு வரும்வரை மேலாடை அணியும் உரிமைக்கே பெண்கள் அடிபட்டுப் போராடிய மண் இது. பத்து ஆண்டு கழித்துக் கால்டன் மேதைமைக்குக் குடும்ப மரம் வரைந்துகொண்டிருந்தபோது, இங்கே பெரும்பாலோருக்கு எழுத்தறிவின் வாசலே அடைத்துக் கிடந்தது. அன்றைக்கு யாராவது கணக்கெடுத்திருந்தால் எழுத்தறிவு குலத்தின்படி கச்சிதமாகப் பிரிந்திருக்கும்; பரம்பரைக்கு வேறு சான்று வேண்டாம் என்றிருப்பார்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே அதிக எழுத்தறிவு, 91.75 சதவீதம், இந்த மாவட்டத்துக்கு. நடுவில் வந்தவை மிஷன் பள்ளிகள், அரசுப் பள்ளிகள், மக்களின் போராட்டம். ரத்தம் மாற்றி ஏற்றவில்லை.

அதற்காக மரபணுவே பொருட்டில்லை என்று சொல்ல வரவில்லை. அதை மறுத்திருந்தால் நடுவானவர் இறந்திருக்கக்கூடும். உடம்பின் மரபைத் தெரிந்துகொள்வது, எந்தச் சூழலை மாற்ற வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ளும் வழி.

பின்தொடர்ச்சி

எஞ்சியிருந்த சிக்கல், கல்லீரலில் உறங்கும் கிருமி. பிரிமாகுயினை முற்றாக விலக்கினால் மலேரியா திரும்பும். குறைபாடு உள்ளவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் முறை ஒன்று உண்டு: மருத்துவக் கண்காணிப்போடு, எடைக்கு ஏற்ப ஒரு கிலோவுக்கு 0.75 மில்லிகிராம் வீதம் வாரம் ஒருமுறை, எட்டு வாரம். ரத்தம் நன்றாகத் தேறியபின் நடுவானவருக்குக் காய்ச்சல் திரும்பியது. அப்போது ஒவ்வொரு வேளைக்கும் முன்னும் பின்னும் ஹீமோகுளோபின் பார்த்து, எட்டு வாரத்தையும் முடித்தோம். சற்றே இறங்கி ஏறியது. வேறு தொல்லை இல்லை. கவனியுங்கள்: அதே மரபணு, அதே மருந்து, அளவும் இடைவெளியும் மாறின, அவ்வளவே.

சம்பந்தி வீட்டாரை உட்காரவைத்து மரபுவழிப் படத்தை விளக்கினேன். நோயாளியின் மகனுக்கு இது தகப்பனிடமிருந்து வராது, மகள் மரபணுவைச் சுமப்பாள் என்றதும் அந்த அம்மாளின் முகம் மறுபடி இறுகியது. பேத்தியின் கல்யாணப் பேச்சில் இதைச் சொல்ல வேண்டுமா என்று கேட்டார். பிரசவம் பார்க்கும் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும், மற்றபடி மறைக்கவோ வெட்கப்படவோ இதில் எதுவும் இல்லை என்றேன். அவர் முழுதாக ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை. தாய்மாமனோ நிம்மதியடைந்தார்; தன்மேல் யாரோ வைத்த செய்வினை என்று அவர் இத்தனை காலம் நம்பியிருந்தார்.

தகரப் பெட்டியிலிருந்து பாச்சை உருண்டைகள் வெளியேறிவிட்டன. பையனின் பள்ளியிலும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். குறைபாடு உள்ள ஆண்கள் ஒவ்வொருவருக்கும் விலக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலோடு ஓர் அட்டை கொடுத்தேன். நடுவானவர் தன் அட்டையைத் திருப்பிக் கொண்டுவந்தார். தமிழில் மட்டும் எழுதினால் பயனில்லை, எனக்குக் காய்ச்சல் வருவது கொச்சியிலும் மங்களூருவிலும்தானே என்றார். மலையாளத்திலும் கன்னடத்திலும் எழுதவைத்து, தண்ணீர் படாதபடி லேமினேட் செய்து கொடுத்திருக்கிறோம். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் துறைமுகங்களில் இருந்தும், தூத்தூர் வட்டார ஊர்களில் இருந்தும் வெளிமாநிலத் தொழிலுக்குப் புறப்படும் ஆண்களுக்கு இந்த ஒரு சோதனையை முன்கூட்டியே செய்துவிடலாம். ஒரு துளி ரத்தம் போதும். வாழ்நாளில் ஒருமுறை செய்தால் போதும். காய்ச்சலோ ரத்த உடைவோ இல்லாத நாளில் செய்ய வேண்டும். தடைக்கால மாதங்களில் ஆண்கள் ஊரில்தான் இருக்கிறார்கள்.